சிங்கம் எழுதிய கை

மற்ற ஸ்கூல் வேன்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவர் இறங்கி வருவார்.

வண்டியை ஆஃப் பண்ணாமலே குதித்து, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, வரிசையாக நிற்கிற ஒவ்வொரு பிள்ளையின் பின்கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "மூக்கக் காட்டு நைனா. உறிஞ்சாத, காட்டு. ராவுல இருமினியா? ஊட்ல யார்னா இருமுனாங்களா? பொய் சொன்னா ஸ்டெப்னி மேல குந்த வச்சி கூட்டினு போவேன்." எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் கதவைத் திறப்பார். கவரைப்பேட்டையில் எங்கள் தெரு முனையில் மட்டும் பதினோரு பிள்ளைகள். பின்னால் லாரிக்காரன் கத்துவான். இவர் காதில் விழாது.

நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். ஒரு பிள்ளையின் கழுத்தில் கை இருக்கும்போதே கண் அடுத்த பிள்ளையின் மூக்குக்குப் போய்விடும். பேசிக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. காக்கிச் சட்டையின் கையை முட்டிக்கு மேலே சுருட்டி விட்டிருப்பார். அவருக்குப் பெயர் இருக்கிறது. நான் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை ஏற்கெனவே நிறைய இழுத்துவிட்டார்கள்.

"டாக்டரு வந்துட்டாருடி, டோக்கன் போடுங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

"ஏன்ணா, எல்லாரும் நெத்தியதான தொட்டுப் பாப்பாங்க?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நெத்தி காத்து பட்டா ஆறிடும் தங்கச்சி. ஒத்துக்கவே ஒத்துக்காது. கழுத்துதான் உள்ளத சொல்லும்."

இத்தனை கெடுபிடியும் என் மகளுக்காக. பவானிக்கு ஆறு வயதில் கிட்னி மாற்றினார்கள். என்னுடையதில் ஒன்று. நான் எட்டாவது வரை படித்தவள், எனக்குப் புரிகிற மாதிரி டாக்டரம்மா சொன்னார்கள்: "உங்க கிட்னிய அவ உடம்பு வெளியாள்னு நெனச்சு சண்டைக்கு வரும்மா. அந்தச் சண்டைக்காரன மாத்திர குடுத்து தூங்க வெச்சிருக்கோம். அவன் தூங்கறதால நெஜமான திருடன் வந்தாலும் எழுந்துக்க மாட்டான். மத்த புள்ளைங்களுக்கு ரெண்டு நாள் ஜுரம்னா இவளுக்கு ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி. சில கிருமி உயிருக்கே வரும்." அம்மை ஊசி ஆபரேஷனுக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டுமாம். அவள் இருந்த நிலைமையில் அதற்கு நாள் கிடைக்கவில்லை. இனிமேல் போடவும் முடியாது என்று தனியாக எழுதியே கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் வீட்டில் வைத்திருந்து, அப்புறம் கும்மிடிப்பூண்டி ஸ்கூலில் சேர்த்தோம். இரண்டு வேன்காரர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எதுனா ஆச்சுன்னா நாங்க இன்னா பண்றது என்றார்கள். இவர் மட்டும் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "பாப்பாவுக்கு இன்னா இன்னா ஆவாது? ஒண்ணொண்ணா சொல்லு" என்றார்.

"ஜுரம், சளி, இருமல், வயித்தால போறது, அம்மை. யாருக்கு இருந்தாலும் பக்கத்துல வரக் கூடாதுண்ணா."

"மறுக்கா சொல்லு."

சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். "அஞ்சு. அவ்ளோதான? பாப்பா முன்னாடி என் பக்கத்து சீட்டு. பின்னாடி கும்பல்ல வேணாம்."

மறுநாள் காலையிலிருந்து கழுத்து பார்க்கிற வேலை ஆரம்பமாயிற்று.

மேட்டுத் தெருப் பெண் ஒருத்தி. சிப்காட்டில் பேக்கிங் வேலை, எட்டரைக்குக் கம்பெனி பஸ். ஒருநாள் அவள் பையன் கழுத்து சில்லென்று இருந்தது. இவர் கதவைத் திறக்கப் போனவர் நின்று, குனிந்து, அவன் வாயருகே மோந்து பார்த்தார்.

"இன்னா நைனா வாசன? ஆரஞ்சு முட்டாயா?"

"இல்லண்ணா. ஜுர மருந்து. அம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவர் அவன் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு ஒரு நாளுண்ணா. லீவு போட்டா சூப்பர்வைசர் கயட்டி வுட்ருவான்."

"ஜுரம் போனதும் அனுப்பு."

"யாரோ பெத்த புள்ளைக்கு எங்க புள்ள தெருவுல நிக்கணுமா? உன் பொண்ணா அது?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. உன் பையனை நான் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போ என்று சொல்ல வாய் வரை வந்தது. எப்படிச் சொல்வேன்? சாயங்காலம் பவானி அதே வீட்டுக்குத்தானே திரும்பி வருவாள்? தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். அரை மணியில் ஸ்கூல் வாசலிலிருந்து அவருடைய போன். "தங்கச்சி, பாப்பா நேத்து அந்தப் பையன்கூட வெளாண்டுச்சா? தண்ணி பாட்டில் மாத்திக்கினாங்களா? நல்லா கேட்டு சொல்லு." இப்படி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போன் வரும். சில நாள் எனக்கே எரிச்சலாக இருக்கும். ஏற்கெனவே பயந்து கிடக்கிற மனதை இந்த மனிதர் ஏன் இப்படி உலுக்குகிறார் என்று நினைப்பேன்.

பவானி பிழைத்தால் ஆடி மாதம் பெரியபாளையத்தில் வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்ற வைக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். அவளுக்குப் பெயர் வைத்ததே அந்த அம்மன் பெயரைத்தான். ஆடி ஞாயிற்றுக்கிழமை அங்கே எள் போட்டால் விழாது. இது தெரிந்ததும் அவர் குதித்தார்.

"இன்னா தங்கச்சி நீ! அங்க ஒருத்தன் தும்முனா ஊரே வாங்கினு போவும். ஆத்தா இன்னா கும்பல் இருந்தாதான் கண்ண தொறப்பாளா?"

"வேண்டுதல்ண்ணா. தள்ளிப் போடக் கூடாது."

"தள்ளிப் போட வேணாம். மாசத்த மாத்து. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆடி முடிந்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், வேனிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வேப்பிலையை வீட்டிலிருந்தே இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கோயிலில் ஏழெட்டுப் பேர்தான். பவானி சுற்றும்போது அவரும் கூடவே சுற்றினார். கும்பிடக்கூட இல்லை. யாராவது தொண்டையைக் கனைத்தால் உடனே குறுக்கே போய் நின்றுகொள்வார். அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது யோசித்தால், அன்றைக்கு அங்கே சரியாகக் கும்பிட்டது அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

போன தை மாதக் கடைசியில் ஒரு காலை. பவானியை ஏற்றும்போது அவருடைய இடது கையைப் பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை வரை ஒரு பட்டையாகச் சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம்.

"இன்னாண்ணா கையில?"

"ரெண்டு நாளா எரியுது தங்கச்சி. நெருப்ப வச்சி தேச்சா மாதிரி. புள்ளைங்கள வுட்டுட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கீறேன்."

"ஐயோ, இது அக்கிண்ணா. அக்கிக்கு ஊசி போட்டா உள்ள எறங்கிடும். இங்க பக்கத்துல ஆரணில கொயவர் ஊடு ஒண்ணு கீது. எங்க அம்மாவுக்கு அங்கதான் எழுதுனாங்க. மூணே நாள்ல காஞ்சிடுச்சி."

எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குத்தான் போவோம். காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்து, சாமி பெயர் சொல்லி அனுப்புவார்கள். அதற்கு டாக்டரைத் தேடிப் போனவர்களை நான் பார்த்ததில்லை.

அவர் உடனே கிளம்பவில்லை. கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"பாப்பாவுக்கு ஒட்டுமா இது?"

"அக்கி எங்கண்ணா ஒட்டும்? அது சூடு. நாள் முழுக்க இஞ்சின் மேலயே குந்திக்கினு கீறீங்க, அதான்."

"நெஜமா தெரியுமா உனக்கு?"

"அம்மன் மேல சத்தியமா ஒட்டாதுண்ணா."

நான் சொன்னது இதுதான். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சத்தியம் பண்ணியதும் அவர் முகம் தெளிந்தது. அன்று மத்தியானமே ஆரணிக்குப் போய் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்துப் பவானிக்கு வழக்கமான செக்கப். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் மேஜை மேல் கிடந்த பேப்பரில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன வரையிற பவானி? பூனையா?"

"சிங்கம் ஆன்ட்டி. வேன் அண்ணா கையில கீது. செவப்பு சிங்கம். வால தொட்டா சொரசொரன்னு இருக்கும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார்கள். "கையில எதுக்கும்மா சிங்கம்?" என்று என்னைக் கேட்டார்கள்.

"அக்கி எழுதினது டாக்டர்."

அவர்கள் முகம் மாறியது. எத்தனை நாளாக, எவ்வளவு பக்கத்தில், கொப்புளம் திறந்து இருந்ததா, இவள் தொட்டாளா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அக்கியும் அம்மையும் ஒரே கிருமிம்மா. சின்ன வயசுல அம்மை வந்தவங்களுக்கு அது உடம்புக்குள்ளயே படுத்துக் கெடக்கும். வயசானதும் நரம்பு வழியா அக்கியா வெளிய வரும். அம்மையே வராத குழந்தை அதைத் தொட்டா, அந்தக் குழந்தைக்கு அம்மையா வரும்."

அம்மை என்றால் எங்களுக்கு அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அக்கி என்றால் வெறும் உடம்புச் சூடு. இரண்டும் ஒன்று என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அன்றைக்கே மருந்து ஆரம்பித்தார்கள். மூன்று நான்கு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஒரு புள்ளி தெரிந்தாலும் ஓடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். வண்டி இஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"என் கையா தங்கச்சி?" என்றார்.

"ஆமாண்ணா."

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. நீதானே ஒட்டாது என்று சொன்னாய் என்று கேட்பார் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

அந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் டியூப் லைட்டுக்குக் கீழே பவானியை நிற்க வைத்து உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பார்ப்பேன். கொசு கடித்த இடத்தையெல்லாம் பேனாவால் வட்டம் போடுவேன், மத்தியானம் அது பெருத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அடுப்பில் பால் பொங்கும், திரும்பி ஓடிப்போய் அவள் முதுகைப் பார்ப்பேன். "விடும்மா, கூசுது" என்று அவள் நழுவுவாள். பன்னிரண்டாம் நாள், காதுக்குப் பின்னால், தண்ணீர் சொட்டு மாதிரி ஒன்று.

ஆஸ்பத்திரியில் தனி ரூம் போட்டு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். கிட்னிக்காகக் கொடுக்கிற மாத்திரையைக் குறைத்தால் உடம்பு கிட்னியைத் தள்ளிவிடலாம். குறைக்காவிட்டால் அம்மை நுரையீரலுக்குள் போகலாம். டாக்டரம்மா தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து நூல் பிடித்த மாதிரி மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நான் கொடுத்த கிட்னி போனாலும் போகட்டும், பிள்ளை இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த ரூமுக்குள் வேப்பிலை கொண்டுபோகக் கூடாது, மண், இலை எதுவும் ஆகாது. குங்குமம்கூட இல்லாமல் வெறும் வாயால் கும்பிட்டேன். வாய் திறக்கும்போதெல்லாம் நான் பண்ணிய சத்தியம்தான் முன்னால் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ரோலிங் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவர் ஐந்தாம் நாள் முகம் சிவந்து உள்ளே வந்தார்.

"கேட்டுக்கு எதிர்ல டீக்கடைகிட்ட நிக்கிறான் அந்தாளு. தினமும் வர்றானாம். உள்ள வர மாட்டானாம். எனக்கு வந்துச்சு பாரு கோவம். யோவ், ஊர்ப் புள்ளைங்க கழுத்தெல்லாம் தொட்டுப் பாத்தியே, உன் கழுத்த யாருய்யா பாக்குறதுன்னு நடு ரோட்டுலயே கேட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்லுவான்? ஆமா, என் தப்புதான்னு நின்னான்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்டாரு, நான்தான் ஒட்டாதுன்னு சொன்னேன், நான்தான் ஆரணிக்கு அனுப்புனேன் என்று சொல்ல எத்தனை மூச்சு பிடிக்கும்? பவானியின் கையில் ஊசி ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

பதினொரு நாளில் கொப்புளம் எல்லாம் காய்ந்து பவானி வீட்டுக்கு வந்தாள். கிட்னி சரியாக வடிக்காமல் ரத்தத்தில் ஏறியிருந்த உப்பு இறங்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. இதற்குள் தெரு முனையில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்த மேட்டுத் தெருப் பெண் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, "டாக்டரு கைய காட்டச் சொல்லுங்கடா மொதல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி உண்மையிலேயே அவர் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் காட்டிக்கொண்டு நின்றார். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் வேனை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தடா பக்கம் ஏதோ கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டார். புது டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

பவானிக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, ஸ்கூல் திறந்ததும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், நன்றி சொல்ல மூன்று பேரும் பெரியபாளையம் போனோம். சன்னதியில் கை கூப்பினேன். ஒரு வார்த்தை வரவில்லை. யார் பெயரில் பொய்ச் சத்தியம் பண்ணினேனோ அவள் எதிரிலேயே நின்றால் எப்படி வரும்? வெளியே வந்து செருப்பு போடுகிற இடத்தில் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"வண்டில ஏறு" என்றார்.

எளாவூர் தாண்டி உள்ளே வேன்காரர் வீடு. பவானியும் அவள் அப்பாவும் ரோட்டிலேயே பைக்கில் இருந்தார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். அவர் மனைவி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சட்டை மாற்றாமல் நின்றிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், அந்த அம்மா காதிலும் விழுகிற மாதிரி.

அந்த அம்மா கையைக் கழுவாமலே எழுந்தார். "ஏம்மா, இத நீ இப்ப வந்து சொல்ற? மூணு மாசமா இந்த மனுசன் சோறு ஒழுங்கா துன்னல. இந்தக் கைய வெட்டிப் போடலாமான்னு பொலம்புனாரு. ஒரு நாளு, ஒரே நாளு உன் பேரு எடுத்திருப்பாரா? நல்லா கீறியாம்மா நீ? நல்லா தூங்குனியா?"

"விடு" என்றார் அவர்.

"நான் இன்னாத்துக்கு விடணும்?"

"விடுன்றேன் இல்ல." என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது ஒரு வார்த்த தங்கச்சி. கைய வச்சினு பாப்பா பக்கத்துல குந்துனது நான்தான். பாப்பா எப்டி கீது? எட கூடிச்சா?"

"ரோட்டுல நிக்கிறாண்ணா. பாக்குறீங்களா?"

அவர் கதவு வரைக்கும் வேகமாகப் போய், அங்கேயே நின்றுவிட்டார். பவானி அவரைப் பார்த்ததும் பைக்கிலிருந்து இறங்கிவிட்டாள். "அண்ணா, எனக்கு நெத்தில ஒரு குழி வுழுந்துட்ச்சு, பாருங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் மேல் வெளியே போய் வந்த சட்டை, பஸ் முழுக்க ஆட்கள். கிட்ட போகாதடி என்று வாயைத் திறந்தேன்.

நான் சொல்வதற்குள் அவர் இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

"அங்கியே நில்லு கண்ணு. இப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்குனேன், நாப்பது பேரு இருமினு வந்தானுங்க. குளிக்கல. அங்கருந்தே காட்டு, எனக்கு நல்லாத் தெரியுது."

பவானி நின்ற இடத்தில் நின்று நெற்றியைக் காட்டினாள். அவர் அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. நான் நடுவில் நின்றிருந்தேன். அந்த இரண்டு அடி தூரத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அதுதான் எனக்கு முதலில் வந்தது.